தானாய்த் துடிப்பது

பேத்திக்கு அன்று எண்ணெய்க் குளியல். என் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே பிள்ளையை மல்லாக்கப் போட்டிருந்தாள். எண்பது வயது தாண்டியும் பிள்ளை குளிப்பாட்டுவதை அவள் வேறு யாரிடமும் விடமாட்டாள். என் மகள் பக்கத்தில் குந்தி, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் வாங்கித் தலையில் வைக்கப் போனாள்.

"பாத்து வைட்டி. உச்சி துடிக்குல்லா" என்றாள் அம்மா.

துடித்தது. நான்கு மாதப் பிள்ளையின் தலையில், நெற்றிக்குச் சற்று மேலே, எலும்பில்லாத ஓரிடம். எண்ணெயில் முடி படிந்ததும் அந்த இடத்துத் தோல் மெல்ல எழும்பி எழும்பி அடங்குவது கண்ணுக்கே தெரிந்தது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் கூடாமல் விட்டுவைத்த இடைவெளி அது. அதற்குக் கீழே கெட்டியான ஒரு சவ்வு, அதற்குக் கீழே மூளை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மூளைக்குள் ரத்தம் பாய்கிறது, மூளை ஒரு மயிரிழை விம்மி அடங்குகிறது. பெரியவர்கள் எல்லோருடைய மூளையும் இதே கதியில்தான் விம்மிக்கொண்டிருக்கிறது; எலும்புக் கூரை மூடிவிட்டதால் தெரிவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் இந்தக் குழி மூடிவிடும். பேதியானால் உச்சி உள்வாங்கிவிடும், உடனே பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். குழந்தை மருத்துவரும் நீர்ச்சத்துக் குறைவுக்கு முதலில் தொட்டுப் பார்ப்பது அங்கேதான். பிள்ளை அழாமல் சும்மா இருக்கும்போது உச்சி புடைத்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

துடிப்பு என்ற அந்த ஒரு சொல் அன்று முழுக்க என்னை விடவில்லை. மீன்காரம்மா கூடையை இறக்கும்போதே "துள்ளத் துடிக்க இருக்கு, வாங்க" என்றார். பக்கத்து வீட்டு அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, ராத்திரி பல்வலியில் துடித்துப்போனதைச் சொன்னார். தெருமுனைப் பதாகையில் துடிப்புமிக்க இளைஞர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர் எல்லையில் நிற்கும் சுடலை மாடனை எங்கள் பக்கத்தில் துடியான சாமி என்போம். கேட்டால் உடனே கொடுக்கிற சாமி, தப்பு செய்தால் உடனே தண்டிக்கிற சாமி. கோபம் வந்தால் மீசை துடிக்கிறது. அழுகையை அடக்கினால் உதடு துடிக்கிறது. வெளிநாடு போகத் துடிக்கிறவன் எல்லாத் தெருவிலும் இருக்கிறான். அறுந்து விழுந்த பல்லியின் வால் துடிக்கிறது. வானத்தில் ஒரு வகை விண்மீனுக்கே நம் பாடநூல்கள் துடிப்பு விண்மீன் என்று பெயர் வைத்திருக்கின்றன.

இத்தனையையும் ஒரே சொல்லில் எப்படிக் கட்டினோம் என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணை அடிக்கலாம், சிமிட்டலாம், உருட்டலாம், சுழிக்கலாம். எல்லாம் நம் கையில் இருக்கிறது. கண்ணைத் துடிக்க வைக்க முடியாது, அதுவாகத் துடிக்கும். 'அவனை அடிக்கக் கை துடித்தது' என்று ஒருவர் சொன்னால், அடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அடித்திருந்தால் 'அடித்தேன்' என்றிருப்பார். ஆசையில் துடிக்கிறவனும் வலியில் துடிக்கிறவனும் அதைத் தீர்மானித்துச் செய்வதில்லை. மனம் கட்டளை போடாமல் உடம்பு தானாகச் செய்யும் அசைவுக்குத் தமிழர் வைத்த பெயர் துடிப்பு. இந்த ஒரு நுட்பத்தைப் பிடித்துக்கொண்டால், இதயவியலின் நூற்றாண்டுக் கணக்கான சர்ச்சை ஒன்றின் வாசலுக்கே போய் நின்றுவிடலாம்.

அதற்கு முன் துடி என்ற பறையைச் சொல்லியாக வேண்டும். நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிந்த சின்னத் தோற்கருவி அது, உடுக்கையின் சாயல். அந்த ஒடுங்கிய நடுப்பகுதியைப் பார்த்துத்தான் பெண்ணின் இடையைத் துடியிடை என்றார்கள். ஐந்து நிலங்களில் பாலைக்கு உரிய பறை துடி. ஆநிரை கவரப் போகும் வெட்சி மறவருக்காக அது முழங்கியது. தொல்காப்பியம் துடிநிலை என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது. அதை முழக்கிய துடியரைப் புறநானூறு பழங்குடிகளில் ஒன்றாக எண்ணுகிறது. பிறகு அதே துடி நடராசர் கைக்கும் போனது. படைப்பு அந்தத் துடியிலிருந்து தோன்றுகிறது என்கிறது உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூல். மலையாளத்திலும் துடி என்றால் கொட்டு, துடிப்பு என்றால் நெஞ்சின் அடி. கன்னடத்தில் துடித என்றால் ஏக்கம். ஒரே வேரில் ஒரு மொழி ஓசையையும் இன்னொரு மொழி ஏக்கத்தையும் எடுத்துக்கொண்டது. தமிழ் இரண்டையும் வைத்துக்கொண்டது.

பறை தானாக முழங்காது. ஒரு கை அடிக்க வேண்டும். நெஞ்சுக்குள் இருக்கும் துடியை அடிப்பது எந்தக் கை?

நான் விலங்கியல் படித்த காலத்தில் தவளை அறுக்கும் வகுப்பு இருந்தது. மயக்கிய தவளையின் இதயத்தை ஆசிரியை வெட்டி எடுத்து, உப்புக் கரைசல் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டார். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். மூளை இல்லை, நரம்பு இல்லை, ரத்தம்கூட இல்லை. அது பாட்டுக்குச் சுருங்கி விரிந்தது. மணி அடித்து அடுத்த வகுப்புக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோதும் நிற்கவில்லை. எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பாவம் என்று நினைத்ததாலும்தான். 'இதை யார் அடிக்கிறார்கள்' என்ற கேள்வி தொண்டையில் நின்றதாலும்தான்.

வெட்டி எடுத்த இதயம் துடிக்கும் என்பது கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலேயே தெரிந்த சங்கதி. நரம்பு சொல்லித் துடிக்கிறதா, தசை தானாகத் துடிக்கிறதா என்பதில்தான் சண்டை. அந்தக் கரைசலுக்கும் ஒரு கதை உண்டு. 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். உதவியாளர் வாலைவடி நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைசல் தயாரித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தூய நீரில் கரைசல் செய்து ஊற்றியதும் துடிப்பு சற்று நேரத்தில் ஓய்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான், அதாவது கால்சியம்தான், துடிப்பைக் காப்பாற்றி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் 'ஆர்.எல். பாட்டில் போடுங்க' என்கிறார்களே, அந்த முதல் எழுத்தில் இருப்பவர் இந்த ரிங்கர்தான்.

துடிப்பு பிறக்கும் இடம் அகப்பட்டது 1906-ஆம் ஆண்டுக் கோடையில். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிரெட்கர் என்ற கிராமத்தில் உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத்துக்கு ஒரு வீடு. அவரும் மனைவியும் பழத்தோட்டங்கள் வழியாகச் சைக்கிளில் சுற்றப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்த மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃபிளாக், அகழெலி ஒன்றின் இதயத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பெருஞ்சிரை வலது மேலறையில் வந்து சேரும் மூலையில், மற்ற தசையோடு ஒட்டாத விசித்திரமான ஒரு திசு முடிச்சு. கீத் திரும்பி வந்ததும் அதைக் காட்டினார். மனித இதயத்திலும் அதே மூலையில் அதே முடிச்சு இருந்தது. 1907-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. சைனஸ் கணு என்று இன்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நீளம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு அங்கிருந்து புறப்படுகிறது.

எப்படிப் புறப்படுகிறது? சரியாக மூடாத குழாயைக் கவனித்தால் போதும். குழாய் வாயில் ஒரு சொட்டு மெல்லத் திரள்கிறது, கனக்கிறது, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் விழுகிறது. விழுந்த கையோடு அடுத்த சொட்டு திரளத் தொடங்குகிறது. சொட்டு விழ வேண்டிய நேரத்தை யாரும் சொல்வதில்லை, கசிவு சொல்கிறது. கணுவில் உள்ள செல்லின் சவ்வும் இப்படித்தான் கசிகிறது. சோடியம் அயனிகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வர, செல்லின் மின்னழுத்தம் மெல்ல ஏறுகிறது. ஒரு வரம்பைத் தொட்டதும் கால்சியக் கதவுகள் திறந்துகொள்கின்றன. செல் வெடித்ததுபோல் ஒரு மின்னலையை அனுப்பிவிட்டுப் பழைய நிலைக்கு இறங்குகிறது. இறங்கிய அந்த இறக்கமே மறுபடி கசிவைத் திறக்கிறது. சாதாரணமாக அயனிக் கதவுகள் மின்னழுத்தம் ஏறும்போது திறக்கும். இது இறங்கும்போது திறக்கிறது. 1979-இல் இதைக் கண்டறிந்த ஹில்லரி பிரவுன், டாரியோ டிஃபிரான்செஸ்கோ, டெனிஸ் நோபிள் ஆகியோர் இதற்கு 'வேடிக்கை மின்னோட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அறிவியல் பெயராகவே அது நிலைத்துவிட்டது. அந்தக் கசிவை மட்டும் குறைத்து, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை இன்று மருந்துக் கடையில் கிடைக்கிறது.

ஒரு செல் தானாகத் துடிக்கும், சரி. ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் துடிப்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். கோழிக் கருவின் இதயச் செல்களைத் தனித்தனியே பிரித்து ஊட்டக் கரைசலில் வளர்த்தால், ஒவ்வொன்றும் தன் போக்கில், தன் வேகத்தில் துடிக்கும். வளர்ந்து வளர்ந்து இரண்டு செல்கள் ஒன்றையொன்று தொடும். தொட்ட சற்று நேரத்தில் இரண்டும் சேர்ந்து துடிக்கும். எங்கள் ஊர்ச் சப்பரத்தைத் தோளில் வாங்குகிறவர்கள் முதல் நாலு எட்டுக்குத் தடுமாறுவார்கள். பிறகு அத்தனை கால்களும் ஒன்றாக விழும். செல்களுக்கு நடுவே நுண்ணிய கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக மின்னோட்டம் பாய்ந்து, பிந்தியதை முந்தியது இழுத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் நரம்புக்கு என்ன வேலை? கடிவாள வேலை. கணுவைத் தன்னிச்சையாக விட்டால் நிமிடத்துக்கு 100 முறை வரை துடிக்கும். நாம் சும்மா இருக்கும்போது 70 அளவில் இருப்பது, மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இழுத்துப் பிடித்திருப்பதால்தான். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு அந்த நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். அவர்கள் அமைதியாகப் படுத்திருக்கும்போதும் துடிப்பு 90-க்கு மேல் இருக்கும். அந்தக் கடிவாளம் வேலை செய்யும் விதத்தைக் கண்டவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி. சோதனையின் வடிவம் அவருக்குக் கனவில் வந்தது. எழுந்து ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தன் கிறுக்கலைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு. இந்த முறை தாளைத் தேடாமல் ஆய்வகத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார், துடிப்பு மந்தமானது. அது மிதந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தின் மேல் ஊற்றினார். அதுவும் மந்தமானது. நரம்பு ஒரு வேதிப்பொருள் வழியாகப் பேசுகிறது என்பது அன்று தெரிந்தது. 1921-இல் வெளியிட்டார், 1936-இல் நோபல் பரிசு.

மூச்சை ஆழ இழுத்துப் பாருங்கள், மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே. உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரையும், வெளிவிடும்போது சற்றுத் தளரும். வேகஸ் நரம்பு மூச்சோடு சேர்ந்து கடிவாளத்தை விட்டுப் பிடிப்பதன் அடையாளம் இது. சிறுவயதினரிடம் இது நன்றாகத் தெரியும். நல்ல இதயம் கடிகாரம் மாதிரித் துடிக்கும் என்பது தவறான எண்ணம். துடிப்புக்குத் துடிப்பு நேரம் சிறிது கூடிக் குறைந்துகொண்டே இருக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் சிசுவின் துடிப்பில் இந்த ஏற்ற இறக்கம் மறைந்து ஒரே சீராகிவிட்டால் மகப்பேறு மருத்துவர் கவலைப்படுகிறார்.

மணிக்கட்டில் விரலுக்குத் தட்டுப்படுவது என்ன? இதயம் அந்த நொடியில் தள்ளிய ரத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ரத்தம் அவ்வளவு வேகமாக வராது. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனியின் சுவர் விம்மும். அந்த விம்மல் ஓர் அலையாகக் குழாய்ச் சுவர் வழியே நொடிக்கு 5 முதல் 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ரத்தமோ பெருந்தமனியிலேயே நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. கட்டியிருக்கும் நீண்ட கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை மறுமுனைக்கு ஓடுகிறது, கயிறு இருந்த இடத்தில் இருக்கிறது, அந்த மாதிரி. வயதாகித் தமனி விறைக்க விறைக்க அலையின் வேகம் கூடும். நாடி பார்க்கக் கட்டைவிரலை வைக்கக் கூடாது என்று செவிலியர் படிப்பில் சொல்லித்தருவதற்கும் காரணம் உண்டு: கட்டைவிரலுக்கே சொந்தமாக ஒரு துடிப்பு தெரியும், நோயாளியுடையது எது, நம்முடையது எது என்று குழம்பிவிடும்.

சித்த மருத்துவர் மூன்று விரல் வைக்கிறார். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் ஐயம். அவற்றின் அளவு ஒன்று, அரை, கால். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. வாதம் அன்னம், கோழி, மயில்போல் நடக்கும், பித்தம் ஆமை, அட்டைபோல் போகும், ஐயம் தவளை, பாம்புபோல் செல்லும் என்பது மரபு. நாடியை மட்டும் வைத்து எல்லா நோயையும் சொல்லிவிடலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எண்ணிக்கையோடு நிற்காமல், அலையின் வடிவத்துக்குப் பெயர் வைக்க முயன்ற விரல்கள் அவை. வரைபடக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், மெல்ல ஏறுவதையும் துள்ளி ஏறுவதையும் நெளிவதையும் பிராணிகளின் நடையில் எழுதி வைத்தார்கள். அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு புதுச்சொல் பழகியது: பல்ஸ் ஆக்சிமீட்டர். அப்பாவுக்குக் கொரோனா. ஊரில் படுக்கை கிடைக்காத நாட்கள். இரவு முழுக்க அப்பாவின் விரலில் அந்தக் கவ்வியை மாட்டிவிட்டு, சின்னத் திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 93. 92. மறுபடி 93. விரல் சில்லிட்டுப் போனால் கோடு தட்டையாகும், எண் மறையும். என் அடிவயிறு கலங்கும். அப்பாவின் கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டுவேன். எண் திரும்பி வரும். அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன்.

ஆக்சிஜன் ஏறிய ரத்தம் செக்கச்செவேல் என்று இருக்கும், ஏறாதது கருஞ்சிவப்பு. ஆகவே விரலின் ஒரு பக்கம் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வெளிவருகிறது என்று அளந்தால் ஆக்சிஜன் அளவு தெரிய வேண்டும். தெரியவில்லை. ஏனென்றால் தோல், நகம், எலும்பு, சிரையில் திரும்பும் ரத்தம் என்று எல்லாமே ஒளியை விழுங்குகின்றன. தமனி ரத்தத்தின் பங்கை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தின் பொறியாளர் தகுவோ அஓயாகி 1970-களின் தொடக்கத்தில் வேறொரு சோதனைக்காகக் காது மடல் வழியே ஒளியைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நாடித் துடிப்பு அவருடைய அளவீட்டை ஓயாமல் கலைத்தது. அதை எப்படி ஒழிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்று புலப்பட்டது: தோல் துடிப்பதில்லை, எலும்பு துடிப்பதில்லை, தமனி மட்டும்தான் துடிக்கிறது. ஒளியில் துடிக்கிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது தமனியின் சேதி. தொந்தரவு என்று நினைத்ததே விடையாக இருந்தது. 1974-இல் அந்த யோசனை காப்புரிமை விண்ணப்பமாகப் போனது. அப்பாவின் சில்லிட்ட விரலில் எண் மறைந்ததும் இதனால்தான். குளிரில் விரலின் தமனிகள் சுருங்கி, துடிப்பு ஒளிக்குத் தெரியாத அளவுக்கு இளைத்துவிட்டது. கருத்த தோலில் இந்தக் கருவி சில வேளை ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டிவிடும் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னதை நம்மவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பல்வலி அண்ணனிடம் வருகிறேன். "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றார். நகச்சுற்று வந்தவர்களும் ஒற்றைத் தலைவலிக்காரர்களும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். வீங்கிய இடத்தில் நாடி போய் மோதுவதால் அப்படித் தெறிக்கிறது என்று மருத்துவர்களே வெகுகாலம் நம்பினார்கள். 2012-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் பல்வலிக்காரர்களிடம் ஒரு பொத்தானைக் கொடுத்து, வலி தெறிக்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். கூடவே நாடியையும் பதிந்தார்கள். வலி நிமிடத்துக்கு 44 அளவில் தெறித்தது. நாடியோ 73 அளவில் ஓடியது. இரண்டுக்கும் தாளம் ஒட்டவே இல்லை. தெறிப்பது வீங்கிய ஈறில் இல்லை, வலியை உணரும் மூளையின் சொந்தத் தாளமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. நெஞ்சில் ஒரு துடி, வலிக்கு வேறொரு துடி. இதைச் சொன்னபோது அண்ணன் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

கண் துடிப்பதை நாம் சகுனமாகப் பார்க்கிறோம். பெண்ணுக்கு இடக்கண் நல்லது, வலக்கண் ஆகாது, ஆணுக்கு மாறி. இந்த நம்பிக்கை சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது: இந்திர விழா நாளில் கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் துடிக்கின்றன, பின்னால் நடக்கப்போவது அங்கேயே தெரிந்துவிடுகிறது. இமையை மூடும் வளையத் தசையில் சில இழைகள் மட்டும் நரம்பின் தப்பான தூண்டலால் சுருங்கி விடுவதுதான் இது. தூக்கக்குறைவு, மன அழுத்தம், அதிகக் காபி ஆகியவை கிளப்பிவிடும். பெரும்பாலும் ஓய்வெடுத்தால் போய்விடும். வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ, முகத்தின் ஒரு பக்கமே சேர்ந்து இழுத்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல்லி வாலின் கதை வேறு. வாலுக்குள் ஓடும் தண்டுவடத் துண்டிலேயே அசைவைத் தாளமாக எழுப்பும் நரம்பு வலை இருக்கிறது. பூனையின் கண் வாலில் இருக்கும்போது பல்லி சுவரேறிவிடும்.

துடிப்பு விண்மீனுக்குப் போவோம். 1967-இல் கேம்பிரிட்ஜுக்கு வெளியே நாலரை ஏக்கரில் கம்பு நட்டு, கம்பி கட்டி ஒரு வானொலித் தொலைநோக்கி. அதைக் கட்டச் சம்மட்டி பிடித்தவர்களில் ஒருவர் 24 வயது ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல். நாள்தோறும் வரைபடத் தாள் சுமார் நூறு அடி நீளத்துக்கு ஓடும். அத்தனையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கிறுக்கல், விண்மீனும் அல்லாத, மனிதர் எழுப்பிய குறுக்கீடும் அல்லாத ஒன்று, திரும்பத் திரும்ப வானத்தின் ஒரே இடத்திலிருந்து வந்தது. நவம்பர் 28 அன்று தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது அது துண்டு துண்டாகப் பிரிந்தது: 1.337 நொடிக்கு ஒரு துடிப்பு, பிசகே இல்லாமல். வேற்றுலகத்தாரோ என்றுகூட ஒரு கணம் யோசித்தார்கள். 1974-இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷுக்குப் போனது. அந்தத் தாளை அடி அடியாகப் பார்த்த கண்ணுக்கு இல்லை. அது அநியாயம் என்பதே என் எண்ணம். 2018-இல் வேறொரு பரிசாகக் கிடைத்த 30 லட்சம் டாலரையும், இயற்பியல் படிக்க வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்கென்று அவர் கொடுத்துவிட்டார்.

நம் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் கிடக்கிறதே வானொலித் தொலைநோக்கி, அதுவும் இந்த விண்மீன்களைக் கேட்டுவருகிறது. 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டியது. அந்தச் சரிவை அவர்கள் தேடிப் பிடித்தார்கள். சரிவின் சாய்வு, அந்த இடத்தின் அட்சரேகையான 11 டிகிரிக்கு ஒத்திருக்க வேண்டும். அப்போதுதான் தொலைநோக்கியின் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாக அமையும், ஒரு அச்சில் திருப்பினாலே விண்மீனைப் பல மணி நேரம் தொடரலாம்.

ஆனால் துடிப்பு விண்மீன் என்ற இந்தப் பெயரில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஆங்கிலத்தில் பல்சார் எனப்படும் இந்த விண்மீன் துடிப்பதில்லை. வெடித்த விண்மீன் ஒன்றின் மிச்சம் அது. சூரியனைவிட அதிக நிறையை ஒரு நகரத்தின் அளவுக்குள் அடக்கிக்கொண்டு சுழல்கிறது. அதன் காந்த முனையிலிருந்து வரும் கதிர், கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம்போல் நம்மைக் கடந்து போகும்போதெல்லாம் நமக்கு ஒரு துடிப்பாகத் தெரிகிறது. உள்ளபடியே துடிக்கும் விண்மீன்கள் வேறு இருக்கின்றன: செஃபீடுகள். அவற்றின் முதன்மையான டெல்டா செஃபீ ஐந்து நாள் ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை விம்மிச் சுருங்குகிறது. வெளியடுக்கில் இருக்கும் ஹீலியம், விண்மீன் சுருங்கும்போது வெப்பத்தைத் தேக்கி வைக்கிறது. தேங்கிய வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்ததும் வெப்பம் கசிந்து போகிறது, மறுபடி சுருங்குகிறது. குழாய்ச் சொட்டின் கணக்குத்தான். அதுவும் யாரும் அடிக்காத துடி. நாம் சிறுவயதில் காட்டப்பட்ட துருவ நட்சத்திரமும் அப்படி ஒரு செஃபீடு, நாலு நாளுக்கு ஒருமுறை மெல்லத் துடிக்கிறது. நம் கண்ணுக்கு அந்த மாற்றம் எட்டாது.

என் பேத்தியை நான் முதன்முதலில் பார்த்தது அவள் பிறப்பதற்கு ஏழு மாதத்துக்கும் முன்னால், ஸ்கேன் அறையில். கறுப்பு வெள்ளைத் திரையில் ஓர் அவரைக் கொட்டை அளவு நிழல். கை இல்லை, கால் இல்லை, முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. நடுவில் ஒரு புள்ளி மட்டும் மினுக் மினுக் என்றது. "துடிக்குது பாருங்க" என்றார் மருத்துவர். திரையோரத்தில் 160-க்கு மேல் ஓர் எண். கருத்தரித்த 22-ஆம் நாளை ஒட்டி இது தொடங்கிவிடுகிறது. அப்போது அது இதயமாகக்கூட மடிந்திருக்காது, நேரான ஒரு குழாய். தள்ளுவதற்குச் சொல்லும்படியான ரத்தம் இருக்காது. மூளையிலிருந்து அங்கே ஒரு நரம்பும் வந்து சேர்ந்திருக்காது. கடிவாளம் வருவதற்கு இன்னும் பல வாரம் இருக்கிறது.

என் மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் மணிக்கட்டு என் விரலுக்கடியில் இருந்தது. அது ஒரு வேகத்தில், திரையில் இருந்த புள்ளி அதைப்போல் இரண்டு பங்கு வேகத்தில்.